நீர்ப்பாசியின் நீலமும் நிரூபணத்தின் பாதையும்

(அட்டன் நகரில் நிகழ்த்தப்பெற்ற பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணுயிர் தன் உடலுக்குள் சேர்த்து வைத்திருக்கும் வர்ணங்களை மனிதன் எங்ஙனம் பிரித்தெடுக்கிறான் என்பதும், பிரித்தெடுத்த அவ்வர்ணம் மனித சரீரத்துக்கு நன்மை செய்யுமா என்பதை எங்ஙனம் சோதித்தறிகிறான் என்பதும் ஆகிய இரண்டு வினாக்களை இன்று உங்கள் முன் எடுத்துவைக்க விரும்புகிறேன். முதல் வினாவுக்கு விஞ்ஞானம் தெளிவான விடை கண்டிருக்கிறது. இரண்டாவதற்கு விடை காணும் முயற்சியோ பாதி வழியில் நிற்கிறது. அந்தப் பாதி வழியையே முழு வழியாகக் காட்டிப் பச்சைக் குளிசைகளையும் நீலப் பொடிகளையும் விற்கும் வாணிகம் உலகெங்கும் பெருகியிருக்கும் இந்நாளில், அளந்து கண்டது எது, ஆசைப்பட்டுச் சொல்வது எது என்று பகுத்தறியும் திறம் பண்டிதர்க்கு மாத்திரமன்றி, பிள்ளைக்கு ஆகாரம் ஊட்டும் ஒவ்வொரு தாய்க்கும் வேண்டியதாகின்றது. அத்திறத்தை வளர்ப்பதற்கு இவ்வுரை ஒரு சிறு துணையாகுமாயின் நான் பெரிதும் மகிழ்வேன்.

நான் குறிப்பிடும் உயிரைச் சயனோபற்றீரியா என்று பாடநூல்கள் கூறும். நீலப்பச்சைப் பாசி என்பது பழைய வழக்கு. பாசி என்று வழங்கப்பட்டபோதிலும், கலத்தினுள்ளே கரு என்று தனியே ஓர் உறுப்பில்லாத பற்றீரியா வகுப்பைச் சேர்ந்தது இது. ஆயினும் மரஞ்செடிகளைப் போலவே சூரிய ஒளியைப் பற்றிக்கொண்டு, நீரைப் பிளந்து, ஒட்சிசனை வெளிவிடும் வல்லமை இதற்கு உண்டு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் தங்கத் தொடங்கியமைக்கு இவற்றின் இடையறாத உழைப்பே காரணம். இன்னொன்றும் சொல்வேன்: தேயிலைக் கொழுந்தினுள் பச்சையத்தைத் தாங்கி நிற்கும் நுண்ணிய உறுப்புகள், பன்னெடுங்காலத்துக்கு முன் வேறொரு கலத்தினுள் புகுந்து அங்கேயே குடியேறிவிட்ட ஒரு சயனோபற்றீரியாவின் வழித்தோன்றல்கள் என்று உயிரியல் அறிஞர்கள் இன்று ஐயமின்றிக் கூறுகிறார்கள். ஆகவே, இவ்வுயிரைப் பற்றிப் பேசும்போது அந்நியமான ஒன்றைப் பற்றி நாம் பேசவில்லை. இம்மலைகள் அனைத்தையும் பசுமையாக்கி வைத்திருக்கும் ஓர் ஆற்றலின் மூலத்தையே பேசுகிறோம்.

இதனைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பீலிக்கரைக் கல்லில் காலை வழுக்கும் படலத்திலும், கான் ஓரத்துச் சுவர்களில் மழைக்காலத்தில் பரவி வெயிற்காலத்தில் கறுத்துக் காயும் கறையிலும், முதிய தேயிலைச் செடிகளின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கற்பாசிகள் சிலவற்றிலும், வேறு உயிர்களோடு கலந்து இவையும் வாழ்கின்றன. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் மிதந்து வாழ்வனவும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர் கவலையோடு பேசவேண்டியிருக்கும்.

இனி வர்ணங்களுக்கு வருவோம். இவ்வுயிர் ஏன் வர்ணம் பூண்டது? ஒளியே இதன் உணவுக்கு ஆதாரமாதலால், ஒளியைப் பற்றும் கருவிகளாகவே வர்ணப் பொருள்கள் இதன் உடலில் அமைந்தன. முதலாவது, எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான பச்சையம். அது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாகப் பற்றும். ஆனால் நடுவிலுள்ள பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் ஒளிகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிடும். நீருக்கடியிலும் நிழலிலும் வாழும் ஓர் உயிர் அவ்வொளியை வீணாக்க இயலுமா? ஆதலால் பைக்கோபிலிப் புரதங்கள் என்னும் தனிவகைப் பொருள்களைச் சயனோபற்றீரியா ஆக்கிக்கொண்டது. இவற்றுள் சிவந்த நிறமுடைய பைக்கோஎரித்திரின் ஏறத்தாழ 565 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையும், நீல நிறமுடைய பைக்கோசயனின் 620 நனோமீற்றரை அடுத்த செம்மஞ்சள் ஒளியையும், அல்லோபைக்கோசயனின் 650 நனோமீற்றரை அடுத்த சிவப்பு ஒளியையும் பற்றி, ஒன்று மற்றொன்றிடம் கையளித்து, ஈற்றில் பச்சையத்திடம் ஒப்படைக்கின்றன. பிரட்டுக்களத்திலே நிரை நிரையாக நிறுத்தி வேலை பகிர்ந்தளிப்பதைப் போன்ற ஓர் ஒழுங்கு, கண்காணா இவ்வுடலுக்குள் ஒவ்வொரு கணமும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

இவற்றோடு கரட்டினும் அதன் இனத்தைச் சேர்ந்த மஞ்சள், செம்மஞ்சள் வர்ணங்களும் உண்டு. ஒளி மிகுந்து கலத்துக்குத் தீங்கு நேரும் வேளையில் அதைத் தாங்கித் தணிப்பது இவற்றின் பணி. வெயில் நேரே காயும் பாறைமேல் வாழும் சில இனங்கள் தம் உடலைச் சுற்றியுள்ள உறையில் சைட்டோனெமின் என்னும் மஞ்சட்கபில வர்ணத்தைப் படிய வைத்து, புறஊதாக் கதிரினின்றும் தம்மைக் காத்துக்கொள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த இப்பொருளின் இரசாயன அமைப்பு 1993 ஆம் ஆண்டிலேதான் துலக்கமாயிற்று. உயிர் தன்னைக் காப்பதற்காக ஆக்கிய பொருள் நம்மையும் காக்குமோ என்னும் எண்ணமே இத்துறையின் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் தூண்டுகோல். அவ்வெண்ணம் இயல்பானது, மதிக்கத்தக்கது. ஆனால் எண்ணம் நிரூபணமாகாது.

வர்ணம் என்பது வெறும் அலங்காரமன்று, அஃது இரசாயனம் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? வாட்டி உருட்டிய பச்சைக் கொழுந்து, காற்றுப்பட வைத்திருக்கும் சில மணி நேரத்தில் செம்பு நிறமடைவது, அதிலுள்ள கற்றெக்கின்கள் ஒட்சிசனோடு சேர்ந்து தியாபிளேவின், தியாரூபிஜின் என்னும் வர்ணங்களாக மாறுவதனாலேயே. அவ்வர்ணத்தைக் கண்ணால் மதிப்பிட்டே உலகச் சந்தை நம் தேயிலைக்கு விலை வைக்கிறது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 ஆம் ஆண்டு தோன்றிய காலம் முதல் இம்மண்ணில் செய்துவரும் பணியில் ஒரு பகுதி, இலையின் வர்ணத்தையும் மணத்தையும் அளவையின் கீழ்க் கொண்டுவருவதாகும். ஆகவே வர்ண விஞ்ஞானத்துக்கு மலையகம் புதிய நிலமன்று.

இப்பொழுது ஆய்வுகூடத்தினுள் செல்வோம். பைக்கோசயனின் என்னும் நீலத்தை எவ்வாறு பிரிப்பது? முதலில் ஒரே இனம் மாத்திரம் வளரும்படி தூய வளர்ப்பு ஒன்றை உண்டாக்கவேண்டும். குளத்து நீர்த்துளி ஒன்றில் பத்து இனங்கள் கலந்திருக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் ஓர் இழையை மாத்திரம் பிரித்தெடுத்து, புதிய ஊடகத்துக்கு மாற்றி, மறுபடியும் மறுபடியும் பிரித்து, கலப்பு அற்றுப்போகும் வரையில் அதே வேலையைச் செய்யவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இத்தொழில் வாய்க்காது. வளர்ப்புச் செறிந்த பின்னர், நீரை வடித்து எஞ்சும் கரும்பச்சைக் கூழைப் பொசுபேட்டுத் தாங்கற் கரைசலில் கலக்கி, உறைநிலைக்குக் கீழே உறைய வைத்து, பின் உருக விட்டு, மீண்டும் உறைய வைத்து உருக்குவார்கள். உறையும் நீரின் பளிங்குகள் கலச்சுவரைக் கிழித்துவிடும். சுவர் கிழிந்ததும் உள்ளிருந்த நீலம் கரைசலில் இறங்கும்.

இவ்விடத்திலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பச்சையமும் கரட்டினும் எண்ணெய்த் தன்மையான பொருள்களிலேயே கரைவன. ஆதலால் அவை கலத்தின் மென்சவ்வோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அவற்றை எடுக்க மெதனோல் அல்லது அசற்றோன் வேண்டும். பைக்கோசயனினோ நீரில் கரைவது. கரைக்கும் திரவத்தைத் தெரிந்தெடுக்கும் அந்த ஒரு செயலிலேயே பச்சையும் நீலமும் பிரிந்துவிடுகின்றன. கரைசலை மையநீக்கியில் இட்டு வேகமாகச் சுழற்றினால், பச்சைக் கசடு அடியில் படிய, மேலே தெளிந்து நிற்பது கண்ணைக் கவரும் நீலத் திரவம். அதன்மேல் வலிய ஒளிக்கற்றை ஒன்றை வீசிப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்க்கு, அந்நீலத்தினுள்ளிருந்து சிவந்த ஒளி கனலக் காணலாம். தான் பற்றிய ஒளியைக் கொடுப்பதற்குப் பக்கத்தில் பச்சையம் இல்லாமற் போகவே, அவ்வாற்றலைச் சிவப்பொளியாக அப்புரதம் வெளிவிடுகிறது. உயிருள்ள கலத்தில் அது செய்த தொழிலின் சாட்சியை, பிரித்தெடுத்த பின்னும் அது நமக்குக் காட்டுகிறது.

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. அந்நீலத் திரவத்தில் வேறு புரதங்கள் பலவும் கலந்திருக்கும். அமோனியம் சல்பேட்டு உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், ஒவ்வொரு புரதமும் தனக்குரிய செறிவில் வீழ்படிவாகும். அங்ஙனம் வீழ்ந்த நீலத்தை மட்டும் எடுத்து, நுண்துளைப் பையிலிட்டு உப்பைக் கழுவி நீக்கி, பின்னர் நிறப்பிரிகை நிரலினூடே செலுத்தித் தூய்மையாக்குவர். தூய்மையை எவ்வாறு அறிவது? பைக்கோசயனின் ஒளியை மிகுதியாகப் பற்றுவது 620 நனோமீற்றரில். புரதங்கள் பொதுவாகப் பற்றுவது 280 நனோமீற்றரில். இவ்விரண்டு அளவுகளின் விகிதம் 0.7 ஐத் தாண்டினால் உணவில் சேர்க்கத்தக்க தரம் என்பர். 4 ஐத் தாண்டினால் நுண்ணிய ஆய்வுகளுக்கு ஏற்ற தரம் என்பர். சந்தையில் விற்கும் பொடிக்கும் ஆய்வாளன் கையிலுள்ள பொருளுக்கும் இடையே எத்துணைத் தூரம் என்பதை இவ்விரண்டு எண்களே கூறிவிடும். ஆய்வாளன் தூய பொருளில் கண்ட பலனைக் கடைப்பொடியின் மேல் ஏற்றிச் சொல்வது எத்துணை அபத்தம் என்பதும் இதனாலேயே விளங்கும்.

இந்நீலம் வெப்பத்தையும் ஒளியையும் தாங்காத மென்மையுடையது. 50 பாகை செல்சியசை நெருங்கும் வெப்பத்திலேயே அதன் வடிவம் குலைந்து நிறம் வெளிறத் தொடங்கும். கொதிக்கும் தேத்தண்ணியில் இட்டால் நீலம் நில்லாது. நீலத் தேநீர் என்று சிலவிடங்களில் பரிமாறப்படுவது சங்குபுஷ்பத்தின் அந்தோசயனின் வர்ணம்; அதற்கும் இதற்கும் உறவு இல்லை. ஒன்றின் பெயரால் மற்றொன்றின் குணத்தைக் கூறுவாரும் உண்டாதலால் இதனைச் சொன்னேன்.

பிரித்தெடுத்த நீலத்தின் குணத்தைச் சோதித்தோர் பலர். கியூபாவின் ஆய்வாளர்கள் 1998 ஆம் ஆண்டில், பைக்கோசயனின் ஒட்சியேற்றத் தீங்கையும் அழற்சியையும் தணிப்பதை ஆய்வுகூடச் சோதனைகளாலும் விலங்குச் சோதனைகளாலும் வெளியிட்டனர். அதே ஆண்டில் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தோர், ஈரலைக் கெடுக்கும் நச்சுப் பொருள்களை எலிகளுக்குக் கொடுப்பதற்குச் சிறிது நேரம் முன்னர் பைக்கோசயனினைச் செலுத்தினால், ஈரலுக்கு நேரும் கேடு வெகுவாகக் குறைவதைக் கண்டனர். 2000 ஆம் ஆண்டில் அக்கழகத்தினரே, உடலின் கொழுப்புகளைச் சிதைக்கும் பெரொக்சில் மூலிகங்களை இப்பொருள் விரைந்து பற்றி அடக்குகிறது என்றும், அவ்வாற்றலில் புரதத்தோடு பிணைந்துள்ள பைக்கோசயனோபிலின் என்னும் நிறத்துண்டுக்குப் பங்கு உண்டு என்றும் காட்டினர். அந்நிறத்துண்டு நம் உடலிலேயே உண்டாகும் பித்த வர்ணமாகிய பிலிருபினுக்கு அமைப்பில் நெருங்கிய உறவு உடையது.

அதே 2000 ஆம் ஆண்டில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தினர் வேறொரு குணத்தை ஆராய்ந்தனர். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களை ஆக்கும் நொதியங்களுள் ஒன்றாகிய கொக்ஸ்-2 ஐப் பைக்கோசயனின் தெரிந்தெடுத்துத் தடுக்கிறது என்று அவர்கள் கண்டனர். ஆனால் நிறத்துண்டை மாத்திரம் தனியே எடுத்துச் சோதித்தபோது அத்தடுப்பாற்றல் மிகக் குறைந்துபோயிற்று; ஆகவே இக்குணத்துக்குப் புரதமே முதன்மையான காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். ஒரே பொருளின் இருவேறு பகுதிகள் இருவேறு தொழில்களைச் செய்கின்றன என்னும் இவ்வுண்மை, கலந்து கிடந்த நிலையில் ஒருநாளும் தெரிந்திராது. தூய்மைப்படுத்தும் வேலைக்கு ஆய்வாளர் செலவிடும் மாதங்கள் வீணல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவை பெருமைக்குரிய கண்டுபிடிப்புகள். எனினும் இவற்றினின்று நாம் எதைக் கொள்ளலாம், எதைக் கொள்ளலாகாது என்று நிதானித்தல் அவசியம். பெங்களூர் எலிகளுக்குப் பைக்கோசயனின் வாய்வழியாகக் கொடுக்கப்படவில்லை. வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. அளவு, உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு அதே கணக்கை நேராகப் பெருக்கினால் 10 கிராம் தூய பைக்கோசயனின் ஆகும். எலியின் அளவை மனிதனுக்கு நேராகப் பெருக்குவதே முறையன்று. அப்படியிருக்க, ஓரிரு கிராம் பச்சைக் குளிசையை விழுங்கினவனுக்கு அதே பலன் கிட்டும் என்று யார் உறுதி கூற முடியும்? குளிசையிலுள்ள பைக்கோசயனின் அதன் நிறையில் ஒரு பகுதியே. அப்பகுதியும் இரைப்பையின் அமிலத்தையும் புரதத்தை அறுக்கும் நொதியங்களையும் கடந்து செல்லவேண்டும். ஆகவே சோதனைக்குழாயில் தொடங்கி, கலங்களின் வழியாக, விலங்குகளின் வழியாக, இறுதியில் மனிதரிடம், அதுவும் மருந்து பெற்றோர் யார் பெறாதோர் யார் என்பது சோதிப்பவருக்கே தெரியாத வகையில் நடத்தும் சோதனையிடம் வந்து சேரும் வரையில் பாதை முடிவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் உணவாகக் கொள்ளப்படும் சயனோபற்றீரியாவாகிய ஸ்பைருலினாவின் சாற்றை 2013 ஆம் ஆண்டில் அங்கீகரித்தபோது, இனிப்புகளுக்கும் சுவிங்கத்துக்கும் சேர்க்கும் நிறம் என்றே அங்கீகரித்தது. நோய் தீர்க்கும் மருந்து என்று அன்று. இவ்வேறுபாட்டை மறைத்து, அரசாங்கம் ஒப்புக்கொண்ட பொருள் என்று மாத்திரம் விளம்பரம் செய்தல் நேர்மையாகாது.

இவ்வுயிரினத்தின் மறுபக்கத்தையும் நான் சொல்லாதொழியலாகாது. நீலத்தை ஆக்கும் அதே குலத்தில் நஞ்சை ஆக்குவனவும் உண்டு. மைக்குரோசிஸ்டிஸ் என்னும் இனம், மைக்குரோசிஸ்டின் என்னும் ஈரல் நஞ்சை உண்டாக்கவல்லது. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. கலங்கள் வெடித்து நஞ்சு நீரில் கலக்க அது வழிசெய்தலும் கூடும். பிரேசில் நாட்டின் கருவாறு நகரில் 1996 ஆம் ஆண்டில், சிறுநீரக நோயாளரின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட நீரில் இந்நஞ்சு கலந்திருந்தமையால் 50 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு.

இது பிரேசிலின் கதை என்று நாம் அமைந்திருக்க இயலாது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1990 களின் தொடக்கத்திலும், கண்டி வாவியில் 1999 ஆம் ஆண்டிலும் மைக்குரோசிஸ்டிஸ் பெருகிப் பச்சைப் படலமாகப் பரவியது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873 ஆம் ஆண்டில், நுவரெலியாவில் அமைக்கப்பட்ட வாவியின் நீர் நானு ஓயா வழியாகக் கொத்மலைப் பக்கம் இறங்குகிறது. தேயிலை மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் இடும் உரத்தில் செடி கொள்ளாத பகுதி மழையோடு கழுவுண்டு கான்களில் இறங்கி, ஓயாக்களில் சேர்ந்து, தேக்கத்தில் நின்று இப்பாசிக்கு உணவாகிறது. கழிவுநீரும் அதனோடு கூடுகிறது. ஆகையால் தேக்கத்து நீரில் மிதக்கும் பச்சையைக் கண்டு, இதுவும் ஸ்பைருலினா போன்றதுதானே என்று அள்ளி உண்ணவோ, மாட்டுக்குக் கொடுக்கவோ எவரும் துணியலாகாது. இனம் அறியாத பாசி உணவாகாது; அது மருந்தாகும் பேச்சுக்கோ இடமே இல்லை.

ஸ்பைருலினா என்று வழங்கும் ஆத்ரொஸ்பைரா வெதுவெதுப்பான காரநீரில் வளர்வது. ஆபிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்களும், பழைய மெக்சிக்கோவின் தெஸ்கோக்கோ ஏரிக்கரை மக்களும் அதனை வடித்துக் காயவைத்து உணவாகக் கொண்டனர். குளிரும் மூடுபனியும் நிறைந்த நம் மலைக்கு அது இயல்பான பயிரன்று. ஆனால் நம் மூதாதையர் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளில் அது நன்றாக வளர்கிறது. பாரி நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் அதனைப் பெருமளவில் வளர்க்கிறது. திருச்சிராப்பள்ளியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபற்றீரியாக்களுக்கென்றே 1991 இல் ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி 1959 இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் இவ்வுயிர்களை இனங்காணுவோர் புரட்டும் நூலாக இருக்கிறது.

புதுக்கோட்டையில் நிகழ்ந்த சோதனை ஒன்று நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது. 1990 களின் தொடக்கத்தில், சி. வி. சேஷாத்திரியின் தலைமையில் இயங்கிய சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம், அம்மாவட்டத்து ஏழைக் குழந்தைகள் ஏறத்தாழ 5,000 பேருக்கு, நாளொன்றுக்கு ஒரு கிராம் ஸ்பைருலினா வீதம் சுமார் ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தது. விற்றமின் ஏ குறைவினால் கண்ணின் வெள்விழியில் நுரைபோலப் படியும் புள்ளிகள் அக்குழந்தைகளிடையே பெரிதும் குறைந்தன. இதனைச் செய்தது எது? புகழ்பெற்ற நீலமன்று, நம் உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீற்றா கரட்டின் என்னும் செம்மஞ்சள் வர்ணமே.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்குமாறு உங்களை வேண்டுகிறேன். சயனோபற்றீரியாவின் வர்ணங்களுள் மனிதக் குழந்தைக்கு ஆற்றும் நன்மை ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டது இந்தக் கரட்டின். அதைப் பெறுவதற்கு நாம் பாசியைத் தேடி அலையவேண்டியதில்லை. நுவரெலியாவின் கரட் நாள்தோறும் லொறி லொறியாகக் கீழே இறங்கிக் கொழும்புக்குப் போகிறது; பூசணியும், பொன்னாங்காணியும், வல்லாரையும், முருங்கையிலையும் அதே வர்ணத்தைத் தாங்கியவை. 2016 ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குட்டையாய் நிற்போர் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையிலோ 31.7 வீதம். இவ்வெண்ணை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. இக்குறை ஒரு குளிசையினால் தீர்வதன்று. தாயின் போஷாக்கு, கூலி, சுத்தமான நீர், மலசலகூடம், பிள்ளை மடுவத்தில் கிடைக்கும் ஆகாரம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தீர்க்கவேண்டியது. வறுமையால் வந்த குறைக்கு விலையுயர்ந்த பொடியைப் பரிகாரமாகக் காட்டுவோரின் பேச்சைக் கேட்டு, பால்மாவுக்கும் முட்டைக்கும் உரிய காசை அதற்குச் செலவிடாதீர்கள் என்று தாய்மார்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியாயின் நீலத்தை ஆராய்வது வீணோ என்று மாணவர் கேட்கலாம். வீணன்று, மிக அவசியம். 1981 ஆம் ஆண்டில் தோன்றி, கண்டியின் அந்தனைச் சாரலிலிருந்து பணியாற்றும் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இலங்கையின் நன்னீர் நிலைகளிலிருந்து சயனோபற்றீரியாக்களைத் தனிமைப்படுத்தி, அவற்றின் பைக்கோபிலிப் புரதங்களையும் பீனோல் பொருள்களையும் அளந்து, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலைச் சோதித்து, அம்முடிவுகளை 2016 ஆம் ஆண்டில் சர்வதேச உணவு விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டனர். நம் நீரில் வாழும் இனங்களும் ஆராயத்தக்க வர்ணங்களை உடையன என்பதை நிறுவிய முயற்சி அது. நீர்த்தேக்கங்களின் நச்சினங்களைக் கண்டறியும் பணியும் அந்நிறுவனத்திலே நடைபெற்று வருகிறது. நன்மையை நாடும் ஆய்வும் நஞ்சை நாடும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடப்பது பொருத்தமானதே. ஏனெனில் இரண்டுக்கும் முதற்படி ஒன்றே: இனத்தைச் சரியாக அறிதல், தூய்மையாகப் பிரித்தல், நேர்மையாக அளத்தல்.

குளிரிலும் மூடுபனியிலும் மங்கிய ஒளியிலும் வாழப் பழகிய இனங்கள் இம்மலைகளின் பாறைகளிலும் ஓடைகளிலும் எத்தனையோ இருக்கக்கூடும். மங்கிய ஒளியில் வாழ்வன ஒளிபற்றும் வர்ணங்களை மிகுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையன. இந்நிலத்தில் பிறந்து, எந்தக் கல் எக்காலத்தில் வழுக்கும், எந்த ஓடை எப்போது நிறம் மாறும் என்று அறிந்த பிள்ளைகளே அவற்றைத் தேடிக் கண்டு ஆராய்வதற்கு மிகவும் தகுதியுடையோர். அட்டன், தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியாப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவில் பயிலும் மாணவரைப் பேராதனைக்கும் கண்டிக்கும் அனுப்புவதற்கு ஆசிரியர்களும் பெற்றோரும் இயன்றதெல்லாம் செய்யவேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு நுணுக்குக்காட்டியேனும் பூட்டிக் கிடக்காமல் பயன்பட்டால், அருகிலுள்ள நீர்நிலையின் பாசியை மாதந்தோறும் கண்டு குறித்துவைக்கும் வழக்கத்தை மாணவர் மேற்கொள்ளலாம். நஞ்சினம் பெருகும் காலத்தை ஊருக்கு முன்னறிவிக்க அக்குறிப்பே உதவும்.

முடிவாக, பச்சைப் பொடியோ நீலப் பொடியோ எவரேனும் உங்களிடம் நீட்டினால் மூன்று வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். இது எந்த இனம், எந்த நீரில் வளர்ந்தது? மைக்குரோசிஸ்டின் போன்ற நஞ்சு இதில் இல்லை என்று சோதித்த அறிக்கை எங்கே? சொல்லப்படும் நன்மை மனிதரிடத்தில், எவ்வளவு பேரிடம், எந்த அளவில் கொடுத்துக் கண்டது? இம்மூன்றுக்கும் விடை கூற வல்லவனிடம் மேலும் பேசலாம்; விடை கூறாதவனை வணங்கி அனுப்பிவிடலாம். வினவும் மக்களுக்கு முன்னே பொய் நெடுநாள் நிற்காது; மெய்யான ஆராய்ச்சியோ வினவ வினவ வலுப்பெறும். அவ்வாராய்ச்சியை நடத்துவோர் வரிசையில் மலையகத்துப் பிள்ளைகளும் நிற்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.